ஐந்து அங்குலத்தில் கிழிந்த பாய்

வீரையனுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார்; பென்சில் சீவுவார். 2024 மே 20-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணிக்கும் எட்டரை மணிக்கும் நடுவில் ஒன்பது பென்சில்களைச் சீவினார். ஒன்பதாவது பென்சில் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. பிளேடு மட்டும் நிற்கவில்லை.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சிங்காரவேலு உட்கார்ந்திருந்தார். கீழக்கூத்தங்குடியில் ஒன்பது ஏக்கர் நிலம் உள்ளவர். வீரையனின் அம்மா நாற்று நட்டது இவருடைய அப்பா வயலில்தான். சிங்காரவேலுவின் மடியில் ஒரு சிறுவர் மாத இதழ் கிடந்தது. போன டிசம்பர் மாதத்து இதழ், வீரையனின் கதை வந்தது. நாற்பத்தொன்றாம் பக்கம் மடக்கி வைக்கப்பட்டிருந்தது.

“புதன்கிழமை விசாரணை. நீங்கதான் வந்து சொல்லணும் வீரையன்” என்றார் சிங்காரவேலு.

“நீங்களா?”

“ஆமா, நீங்கதான்.”

“அதைக் கேக்கலைங்க. இருபத்தொம்பது வருஷமா ‘என்ன வீரையா, மதகைத் தொறந்தியா’ன்னுதான் கேட்டீங்க. டீக்கடையில வச்சு ‘நீர்நாய் இன்னிக்கு என்னய்யா சொல்லுச்சு’ன்னு சிரிச்சீங்க. இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு இந்த ‘நீங்க’?”

சிங்காரவேலு இதழைத் தடவிக்கொண்டார். “அதெல்லாம் இப்ப எதுக்கு? காரியத்தைப் பாப்போம்.”

காரியம் இதுதான். 2023 ஆகஸ்டில் குறுவைக்குத் தண்ணீர் போதவில்லை. கூத்தன் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். முதலில் மேலக்கூத்தங்குடிக்கு நாலு நாள். பிறகு அவர்கள் மதகுகளை அடைத்துவிட்டுக் கடைமடையான கீழக்கூத்தங்குடிக்கு நாலு நாள், 14 முதல் 17 வரை. அந்த நாலு நாளும் வயலுக்கு ஏறும் அளவுக்குக் கீழே தண்ணீர் வரவில்லை. பொதி கட்டியிருந்த பயிர் இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கரில் காய்ந்தது. அடுத்த குறுவைக்காவது முதல் முறையைத் தங்களுக்குத் தரவேண்டும் என்று கீழ ஊர்க்காரர்கள் பிப்ரவரியில் மனுக் கொடுத்தார்கள். பாசனப் பிரிவு அலுவலகம் பதிவேட்டை எடுத்துக் காட்டியது. ஆகஸ்ட் 14, காலை ஆறு மணி, கடைசி மதகு: இரண்டடி ஒன்பது அங்குலம். தண்ணீர் நிறைய வந்திருக்கிறது. பயிர் காய்ந்ததற்கு விவசாயிகள்தான் காரணம். கீழே, மதகைக் கவனிக்கும் லஸ்கர் வீரையனின் கையெழுத்து.

“இந்தப் புஸ்தகத்துல அதே தேதி, அதே மணி, அஞ்சு அங்குலம்னு நீங்களே எழுதியிருக்கீங்க” என்றார் சிங்காரவேலு. “பேத்தி படிச்சுக்கிட்டிருந்தா. ‘தாத்தா, இது நம்ம மதகுதானே’ன்னு கேட்டா. தூக்கிவாரிப் போட்டுச்சு. ரெண்டுல ஒண்ணு பொய்யில்ல?”

வீரையன் பிளேடைக் கீழே வைத்தார். இரண்டடி ஒன்பது அங்குலம் என்ற எண்ணை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். அதன் கீழே தன் கையெழுத்து இருப்பதையும் அன்றுதான் கேட்டார்.

அந்த மதகில் அவர் வேலைக்குச் சேர்ந்தது 1994 செப்டம்பர் முதல் தேதி. ஓய்வு பெற்றது 2023 டிசம்பர் 31. லஸ்கர் வேலை கேட்பதற்குச் சின்ன வேலை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மதகை ஒட்டி நட்டிருக்கும் அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். மேலிருந்து உத்தரவு வந்தால் சாவியைப் போட்டுத் திருகி ஷட்டரை ஏற்றவேண்டும், இறக்கவேண்டும். வாய்க்கால் பொட்டலாகக் கிடக்கும் சித்திரையிலும் நடந்து போய்க் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதுவார். வீட்டிலிருந்தே எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று மற்ற லஸ்கர்கள் சிரிப்பார்கள். மொத்தம் 21,428 முறை எழுத வேண்டியிருந்தது. 21,424 முறை எழுதினார். அம்மா இறந்த 2003 மார்ச் 9, 10 ஆகிய இரண்டு நாட்களின் நாலு கட்டங்களில் ‘பார்க்கவில்லை’ என்று இருக்கும். உத்தேசமாக ஓர் எண்ணைப் போடவில்லை.

2009 தை மாதத்தில் ஒரு காலை, மதகுக்குக் கீழே மணல் திட்டில் நீர்நாய்கள் ஐந்து புரண்டுகொண்டிருந்ததைப் பார்த்தார். பெரியது ஒன்று எழுந்து வந்து அளவுக்கல்லின் மேல் முன்கால்களை வைத்து, எண்ணைப் படிப்பதுபோல மூக்கை நீட்டியது. வீரையன் அன்று குத்தாலம் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்தார். அந்தப் பெரிய நீர்நாய்க்குக் கரிச்சி என்று பெயர் வைத்தார். அதன் பிறகு கதை நிற்கவில்லை.

கரிச்சிக்கு ஒரு மாயம் தெரியும். ஓடுகிற தண்ணீரின் ஓரத்தைப் பல்லால் கவ்வி, கோரைப்பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய், காய்ந்த வயலில் விரித்துவிடுவாள். உள்ளே இருக்கும் மீன்கள் தூக்கம் கலையாமல் இடம் மாறிவிடும். கணக்கு எழுத ஒரு வயல் நண்டு. ஊர் அதிகாரத்துக்குப் பெருச்சாளி மணியம். பதினான்கு வருடத்தில் இருபத்தாறு நோட்டுகள் நிரம்பின.

“ஊர்ல பெருச்சாளி பேசுறதெல்லாம் கேக்குது இந்த மனுஷனுக்கு. நான் கேஸ் தீந்து போச்சுன்னு மூணு நாளாச் சொல்றது கேக்கல” என்பார் மனைவி வேம்பு.

பதிவேடும் நோட்டும் ஒரே பையில்தான் இருந்தன, ஆனால் ஒன்றோடொன்று கலக்கவில்லை. பதிவேட்டில் ஒரு பொய்யும் கூடாது. நோட்டில் பொய் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், அளவைத் தவிர. கரிச்சியின் மாயம் எட்டு அங்குலத் தண்ணீருக்குக் குறைந்தால் பலிக்காது என்று முதல் நோட்டிலேயே விதித்துவிட்டார். நிற்கும்போது அவள் வயிற்றின் உயரம் எட்டு அங்குலம். ஆகவே ஒவ்வொரு அத்தியாயம் எழுதும்போதும் அன்றைய தேதியின் அளவு அவருக்குத் தேவைப்பட்டது. கல்லில் பார்த்ததையே கதையிலும் போட்டார். வேறு எண் போட அவர் கை வராது.

2023 ஆகஸ்ட் 14 காலை, கடைமடையின் முறை தொடங்கிய நாளில், கல்லில் ஐந்து அங்குலம். மேலே ஏதோ மதகை யாரோ அடைக்கவில்லை. பதிவேட்டில் ஐந்து என்று எழுதினார். மாலையில் நோட்டை எடுத்து இப்படி எழுதினார்:

“கரிச்சி தண்ணீரின் ஓரத்தைக் கவ்விச் சுருட்டத் தொடங்கினாள். ஒரு சுற்று வந்தது. இரண்டாம் சுற்றில் பாய் நடுவே கிழிந்தது. உள்ளே உறங்கிய கெண்டைகள் மணலில் விழுந்து துள்ளின. ‘எவ்வளவு?’ என்று கேட்டாள். நண்டுக் கணக்கர் காலால் அளந்தார். ‘ஐந்து அங்குலம்.’ ‘எட்டு இல்லாமல் சுருட்ட முடியாது என்று மணியத்துக்குத் தெரியாதா?’ ‘தெரியும்.’ ‘தெரிந்தும் ஏன் இதை அனுப்பினார்?’ கணக்கர் தேதியை எழுதினார்: ஆகஸ்ட் 14, காலை ஆறு மணி, கூத்தன் வாய்க்கால், கடைசி மதகு.”

செப்டம்பர் 11-ஆம் தேதி அந்தக் கதையைத் தஞ்சாவூரிலிருந்து வரும் ஒரு சிறுவர் இதழுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். 27-ஆம் தேதி அதன் ஆசிரியர் அனுராதா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“கதை ரொம்ப நல்லா இருக்குங்க சார். ரெண்டே ரெண்டு மாத்தம். பாய் கிழிய வேணாம். கரிச்சி எப்படியாவது சுருட்டிக் கொண்டுபோய் ஊரைக் காப்பாத்திடட்டும். அப்புறம் இந்த அங்குலம், தேதி, மணி எல்லாம் எடுத்துடலாம். குழந்தைங்களுக்கு எதுக்கு?”

“மேடம், நீர்நாய் தண்ணியைச் சுருட்டுதுன்னா ஒத்துக்கறீங்க.”

“அது கற்பனைங்க. அழகா இருக்கு.”

“அஞ்சு அங்குலத்தைச் சுருட்ட முடியலன்னா மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்கறீங்க? எட்டு இல்லாம சுருட்டுச்சுன்னா அது மாயம் இல்லைங்க, ஏமாத்து. போடறதுன்னா அப்படியே போடுங்க. இல்லன்னா திருப்பி அனுப்புங்க. தபால்தலை ஒட்டின உறை உள்ளயே வச்சிருக்கேன்.”

அன்று நாலு பென்சில்கள் சீவப்பட்டன.

அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அனுராதா மறுபடியும் கூப்பிட்டார். “ஒரு எழுத்தும் மாத்தலைங்க. டிசம்பர் இதழ்ல வருது.” வீரையனுக்கு வயது ஐம்பத்தொன்பது. அச்சில் வரப்போகும் முதல் கதை. பதினோரு மணிக்குப் பிரிவு அலுவலகத்துக்குப் போனபோது கால் தரையில் பாவவில்லை. பழைய பதிவேடு கரையான் பிடித்துவிட்டது, சுத்தப் பிரதி எடுத்திருக்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாதத்துக்கு இரண்டு பக்கம். எட்டுக் கையெழுத்து. கரிச்சிக்கு எப்படிப் படம் போடுவார்கள், மீசையைச் சரியாக வரைவார்களா என்று யோசித்துக்கொண்டே எட்டையும் போட்டார். படிக்கவில்லை. 21,424 அளவுகளை எழுதிய மனிதர், எட்டுப் பக்கத்தைப் படிக்கவில்லை.

இதை வேம்புவிடம் சொன்னது மே 20-ஆம் தேதி, சிங்காரவேலு போன பிறகுதான். அவர்களுக்கும் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் உண்டு. குறுவை வைத்தது வேம்பு. காய்ந்த பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டதும் வேம்பு.

“நம்ம பயிரு தண்ணியிலதான் நின்னுச்சுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. அப்படித்தானே?”

“படிக்கல வேம்பு.”

“நான் படிக்காதவ. கைநாட்டு வைக்கறதுக்கு முன்னாடி ‘என்ன எழுதியிருக்கு’ன்னு நாலு பேரைக் கேப்பேன்.”

அவர் மேல் வேறு யாரும் அவ்வளவு கோபப்படவும் இல்லை, அவ்வளவு சரியாகக் கோபப்படவும் இல்லை. பத்தாவது பென்சிலை எடுத்தார். வேம்பு அதைப் பிடுங்கி மூலையில் போட்டார். “இருக்கற பென்சிலையாவது எழுதறதுக்கு வைங்க.”

புதன்கிழமை, மே 22, பதினோரு மணி. பிரிவு அலுவலகத்தின் நீளமான அறையில் இரண்டு ஊரிலிருந்தும் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மின்விசிறி ஒன்று ஓடியது, ஒன்று ஓடவில்லை. விசாரிக்க வந்தவர் அரவிந்தன் என்ற இளம் பொறியாளர். ஜனவரியில்தான் இங்கே மாற்றலாகி வந்தவர். மேல ஊர்ப் பக்கம் பேசியவர் இளஞ்செழியன். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன்.

சிங்காரவேலு இதழை மேசைமேல் வைத்தார். அறையில் ஒரு சிரிப்பு ஓடியது.

“சார், சாட்சியைக் கூப்பிடுங்க” என்றார் இளஞ்செழியன். “நீர்நாய் வெளிய நிக்குதான்னு பாருங்க. நண்டு வந்தா நாக்காலி போடணுமா?”

சிரிப்பு பெரிதானது. கீழ ஊர்க்காரர்களிலும் சிலர் சிரித்தார்கள். வீரையன் அதையும் பார்த்து வைத்துக்கொண்டார். ஆறு பேர்.

அரவிந்தன் சிரிக்கவில்லை. அவர் மரியாதையாகப் பேசினார். அதுதான் இன்னும் சுட்டது.

“ஐயா, நீங்க எழுதறவங்க. எனக்கு மதிப்பு உண்டு. ஆனா இதைப் பாருங்க.” இதழின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘இவ்விதழில் வெளியாகும் கதைகளில் வரும் பெயர்கள், இடங்கள், நிகழ்ச்சிகள் அனைத்தும் கற்பனையே.’

வீரையனுக்கு அந்த வரி தெரியும். முந்தின நாள்தான் அனுராதாவைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். அது எல்லாப் பத்திரிகையிலும் போடுவது, பதினெட்டு வருடமாக அப்படியே அச்சாகிறது, யாரும் படிப்பதில்லை என்று சொன்னார் அனுராதா. “நான் படிச்சேங்க” என்று சொல்லிப் போனை வைத்தார் வீரையன்.

“பத்திரிகையே கற்பனைன்னு சொல்லுது” என்றார் அரவிந்தன். “இந்தப் பக்கம் பதிவேட்டில உங்க கையெழுத்து இருக்கு. கதை முழுக்க என் கற்பனைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா உங்களுக்கும் நல்லது. பதிவேடு தப்புன்னு சொன்னீங்கன்னா, தப்புக்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கதானே? ஓய்வு வாங்கினப்புறம் இந்தத் தொல்லை எதுக்குங்க?”

“அதோட இவரு வயலும் அங்கதான் சார் இருக்கு” என்றார் இளஞ்செழியன். “தன் வயலுக்குத் தானே கதை கட்டுறாரு.”

வீரையன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்து விரலால் நீவினார். பதிவுத் தபால் ரசீது, 11.9.2023.

“இவங்க மனு குடுத்தது பிப்ரவரியில. நான் கதையை அனுப்பினது செப்டம்பர்ல. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி, கேட்க ஆளே இல்லாதப்ப, யாருக்காகங்க கதை கட்டுவேன்?” குரல் ஏறியது. அவர் வாழ்நாளில் ஓர் அலுவலகத்தில் குரல் ஏற்றியது அதுதான் முதல் தடவை. “வயலு இருக்கு. காஞ்சுச்சு. என் பொஞ்சாதி அறுத்தா. அதுக்காக அஞ்சை நாலுன்னு எழுதலைங்க நான். அஞ்சுன்னுதான் எழுதினேன். பேப்பர் குடுங்க. பேனா குடுங்க. கற்பனை எது, எது இல்லன்னு நானே எழுதித் தரேன். அதைச் சொல்ல என்னை விட்டா ஆளு கிடையாது.”

பேப்பர் வந்தது. நின்றபடியே எழுதினார். எழுதி முடிக்கும் வரை எல்லோரும் ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரவிந்தன் அதை வாங்கி வாய்விட்டுப் படித்தார்:

“கரிச்சி என்ற நீர்நாய் பேசுவது என் கற்பனை. அது தண்ணீரைப் பாயாகச் சுருட்டுவது என் கற்பனை. நண்டு கணக்கு எழுதுவதும் பெருச்சாளி மணியம் பார்ப்பதும் என் கற்பனை. 14.8.2023 காலை ஆறு மணிக்குக் கூத்தன் வாய்க்கால் கடைசி மதகில் ஐந்து அங்குலம் தண்ணீர் நின்றது என் கற்பனை அல்ல. அளவுக்கல்லில் நான் பார்த்தது. அதே நாளுக்குச் சுத்தப் பிரதியில் உள்ள இரண்டடி ஒன்பது அங்குலம் கற்பனை. அதைக் கற்பனை செய்தவர் நான் அல்ல. யார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிரதியில் உள்ள எட்டுக் கையெழுத்தும் என்னுடையவை. படிக்காமல் போட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது. அதற்குரிய நடவடிக்கையை எடுக்கலாம்.”

இளஞ்செழியனின் போன்களில் ஒன்று அடித்தது. அவர் எடுக்கவில்லை.

அரவிந்தன் தாளை இரண்டாம் முறை மனதுக்குள் படித்தார். “இதை நான் ஃபைல்ல சேக்கணுமா ஐயா?”

“பக்க எண் போட்டுச் சேருங்க. ரசீதோட நகலையும் சேருங்க. மூலம் என்கிட்ட இருக்கும். உங்ககிட்ட குடுத்தா கரையான் பிடிச்சுடும்.”

ஜூன் 12, புதன்கிழமை, முறைப் பட்டியலைப் பிரிவு அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாத ஆண்டு அது. வந்தால் முதல் நாலு நாள் கீழக்கூத்தங்குடிக்கு. அடுத்த நாலு நாள் மேலக்கூத்தங்குடிக்கு. ஏன் மாற்றினார்கள் என்று பட்டியலில் இல்லை. சுத்தப் பிரதியை எழுதியது யார் என்று அதன் பிறகும் யாரும் கேட்கவில்லை. வீரையன் மேல் நடவடிக்கையும் வரவில்லை. ஒரு கடிதம்கூட வரவில்லை. பட்டியலைப் படித்துவிட்டு, குறிப்பு என்ற கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

வீட்டு வாசலில் சிங்காரவேலு நின்றிருந்தார். முகமெல்லாம் பல்.

“வீரையா! அடிச்சுட்டோம்யா! ஊரே உன்னைத்தான் பேசுது. அந்த அஞ்சு அங்குலம் இருக்கே, அது ஒண்ணு போதும்யா!”

‘நீங்க’ போய்விட்டிருந்தது. இருபத்து மூன்று நாள் இருந்திருக்கிறது. வீரையன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

“கதையைப் படிச்சீங்களா?”

“படிச்சேனே. நாப்பத்தொண்ணாம் பக்கம்.”

“கதை முப்பத்து நாலாம் பக்கத்துல ஆரம்பிக்குது.”

“அதான் விஷயம் நாப்பத்தொண்ணுல…”

“அதுக்கு முன்னாடி ஏழு பக்கம் இருக்கு. கரிச்சி எப்படி அந்த மாயத்தைக் கத்துக்கிட்டான்னு இருக்கு. அவ குட்டி ஒண்ணு மதகுல மாட்டிச் செத்தது இருக்கு. பெருச்சாளி டீ குடிச்சுக்கிட்டு அவளைப் பாத்துச் சிரிக்கிறது இருக்கு. அது எதுவும் உங்களுக்கு வேணாம். அஞ்சு அங்குலம் மட்டும் வேணும். பதினாலு வருஷம் எழுதி வச்சுட்டுக் காத்திருந்தேன், உங்க ஊர்ல ஒருத்தர் படிப்பாரான்னு. படிச்சது ஒரு சின்னப் புள்ள. நீங்க எல்லாம் அளவெடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க.”

சிங்காரவேலு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“உள்ள வாங்க” என்றார் வீரையன். “உக்காருங்க. முப்பத்து நாலுலேருந்து ஆரம்பிங்க.”

“கண்ணாடி எடுத்துட்டு வரலையே.”

“போய் எடுத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

உள்ளேயிருந்து வேம்பு எட்டிப் பார்த்தார். மூலையில் கிடந்த பத்தாவது பென்சிலை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார். சிங்காரவேலு தெருவில் இறங்கி நடந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. பதினொன்று ஐந்துக்குக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். அப்போது வீரையன் பென்சிலைச் சீவி முடித்து, முப்பத்து நாலாம் பக்கத்தைப் பிரித்து நாற்காலியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.